கார் சீட் கேள்விகள்: காலை விடுங்கள், தலையைப் பாருங்கள்

கேள்வி: என் மகளுக்கு 11 மாதம். எடை 9 கிலோ, உயரம் 75 செ.மீ. பிறந்தபோது வாங்கிய, கைப்பிடி வைத்துத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரியான பேபி கார் சீட்தான் இன்னும் ஓடுகிறது. ஸ்டிக்கரில் 0-13 கிலோ என்று போட்டிருக்கிறது. இப்போது அவள் கால் இரண்டும் காரின் சீட் முதுகில் முட்டி மடங்கிக் கிடக்கின்றன. "பிள்ளைக்குக் கால் வலிக்கும், முன்பக்கம் பார்த்த மாதிரி திருப்பி வை" என்கிறார் மாமியார். "13 கிலோ ஆகட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்கிறார் கணவர். யார் சொல்வதைக் கேட்பது?
- வாசகி, கோவை

பதில்: வீட்டுச் சண்டையில் எனக்கு இடம் வேண்டாம், ஆனால் இந்த விஷயத்தில் இரண்டு பேர் சொல்வதுமே சரியில்லை.

முதலில் கால். கால் முட்டுவதை வைத்து சீட் சிறிதாகிவிட்டதா என்று முடிவு செய்யவே கூடாது. இந்த வயதுக் குழந்தைகள் காலை மடக்கி, சம்மணம் போட்டு, சீட் முதுகில் தூக்கி வைத்து என்று எப்படியும் உட்கார்ந்துகொள்வார்கள், பார்க்கிற நமக்குத்தான் வலிக்கும். அதோடு, உங்களிடம் இருக்கிற சீட் பின்பக்கம் பார்த்து மட்டுமே வைப்பதற்காகச் செய்யப்பட்டது. அதை முன்பக்கம் திருப்பி பெல்ட் போட்டால் விபத்தில் அது தாங்காது. மாமியாரிடம் இதை மட்டும் சொன்னாலே போதும்.

இனி கணவர். அவர் ஸ்டிக்கரை நம்புகிறார், அதில் தப்பில்லை. ஆனால் ஆர் 44 என்ற பழைய ஐரோப்பிய விதிப்படி வந்த சீட்டுகளில், நம் கடைகளில் நிறைய இருப்பது இவைதான், ஆரஞ்சு நிற ஸ்டிக்கரில் எடை மட்டுமே இருக்கும், உயரம் இருக்காது. உலகச் சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையை எடுத்துப் பாருங்கள். ஒரு வயதுப் பெண் குழந்தையின் நடுத்தர எடை சுமார் 9 கிலோ, உயரம் 74 செ.மீ. அதே அட்டவணையில் 13 கிலோ வருவது ஏறக்குறைய இரண்டரை வயதில். இரண்டரை வயதுப் பிள்ளையை அந்தக் குட்டி சீட்டுக்குள் உட்கார வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், அவருக்கே புரியும். பெரும்பாலான குழந்தைகளுக்கு எடை வரம்பு வருவதற்கு வெகு முன்பே உயரத்தில் சீட் முடிந்துவிடும். எடை, உயரம், தலை, இதில் எது முதலில் எல்லையைத் தொட்டாலும் அந்த சீட்டின் காலம் முடிந்தது.

தலையை எப்படிப் பார்ப்பது? அவளை உட்கார வைத்து, முதுகு சீட்டோடு நன்றாகப் படிந்திருக்கிறதா என்று பார்த்து, பெல்ட்டை இறுக்கிப் போடுங்கள். பிறகு உச்சந்தலைக்கு மேல் ஒரு ஸ்கேலைப் படுக்கையாக வையுங்கள். அதற்கும் சீட்டின் கெட்டியான பிளாஸ்டிக் ஓட்டின் மேல் விளிம்புக்கும் நடுவே குறைந்தது ஓர் அங்குலம், அதாவது 2.5 செ.மீ., இடம் இருக்க வேண்டும். துணி உறை, மெத்தை, தூக்குகிற கைப்பிடி எதுவும் கணக்கில் வராது. சில ஐரோப்பிய கம்பெனிகள் தலை விளிம்புக்குச் சமமாக வரும்வரை விடுகின்றன, அதனால் உங்கள் சீட்டின் கையேட்டில் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை படித்துவிடுங்கள். அப்படியே தோளையும் பாருங்கள். பின்பக்கம் பார்த்து உட்காரும்போது பெல்ட் தோள் மட்டத்திலோ சற்றுக் கீழிருந்தோ வர வேண்டும். மேலே உள்ள கடைசித் துளையில் போட்டும் அது தோளுக்கு ரொம்பக் கீழே இருந்தால் சீட் சிறிதாகிவிட்டது என்றே வைத்துக்கொள்ளலாம். 75 செ.மீ. என்கிறீர்கள், ஸ்கேல் வைத்ததும் விடை கிடைத்துவிடும் என்றுதான் நினைக்கிறேன்.

சிறிதாகிவிட்டது என்றால் அடுத்து வாங்க வேண்டியது பெரிய சீட், அதையும் பின்பக்கம் பார்த்துத்தான் வைக்க வேண்டும். நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான். சீட் மாற்றுகிற நாளும் குழந்தையை முன்பக்கம் திருப்புகிற நாளும் ஒன்று என்று நினைத்துவிடுகிறார்கள். கைக்குழந்தையின் தலை உடல் நீளத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு, அதைத் தாங்குகிற கழுத்து எலும்புகளோ இன்னும் பாதி குருத்தெலும்பு. நேருக்கு நேர் மோதும்போது முன்பக்கம் பார்த்த குழந்தையின் தலை மட்டும் முன்னால் வீசப்படும், இழுப்பு முழுவதும் கழுத்துக்கு. பின்பக்கம் பார்த்திருந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் சீட்டின் ஓடு சேர்த்துத் தாங்கிக்கொள்ளும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அகாடமி 2011-இல் இரண்டு வயது வரையாவது பின்பக்கம் பார்த்து வையுங்கள் என்றது. 2018-இல் அந்த வயதுக் கணக்கையும் எடுத்துவிட்டு, சீட்டின் எடை, உயர வரம்பு அனுமதிக்கும்வரை அப்படியே வையுங்கள் என்று மாற்றியது. ஐரோப்பாவின் புதிய ஆர் 129 விதிப்படி 15 மாதத்துக்கு முன் திருப்பவே கூடாது. உங்கள் மகளுக்கு 11.

கடையில் கன்வர்ட்டிபிள் சீட், அதாவது முதலில் பின்பக்கமும் பிறகு முன்பக்கமும் பார்த்து வைக்கக்கூடிய சீட், என்று கேளுங்கள். பெட்டியில் 0-18 கிலோ என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அதில் பல சீட்டுகள் பின்பக்கம் பார்த்து 10 அல்லது 13 கிலோ வரைதான், மிச்சமெல்லாம் முன்பக்கம் பார்த்து. "பின்பக்கம் பார்த்து எத்தனை கிலோ, ஓட்டின் உயரம் எவ்வளவு" என்று தனியாகக் கேளுங்கள், கடைக்காரர் முழித்தால் கையேட்டை வாங்கிப் படியுங்கள். முடிந்தால் மகளையே கூட்டிப்போய் உட்கார வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கும் அண்ணன் தன் மகன் பயன்படுத்திய சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். 30 பவுண்டு, 32 அங்குலம் என்று இருக்கிறது. 7 மாதக் குழந்தைக்கு இன்னும் எவ்வளவு நாள் வரும்?
- வாசகர், திருச்சி

பதில்: 30 பவுண்டு என்பது 13.6 கிலோ, 32 அங்குலம் என்பது 81 செ.மீ. அமெரிக்க சீட்டில் உயரமும் எழுதியிருப்பது ஒரு வசதி. ஆனாலும் சில குழந்தைகளுக்கு இடுப்புக்கு மேல் உடம்பு நீளம், அவர்களுக்கு 81 வருவதற்குள்ளேயே தலை விளிம்பை எட்டிவிடும், அதனால் மேலே சொன்ன ஸ்கேல் சோதனை உங்களுக்கும் உண்டு.

அதற்கு முன் சீட்டைக் கவிழ்த்து அடிப்பக்கம் பாருங்கள். காலாவதி தேதியோ தயாரிப்பு தேதியோ அச்சிட்டிருக்கும். தேதி தாண்டியிருந்தாலோ, அந்த சீட் ஏதாவது விபத்தில் இருந்திருந்தாலோ வேண்டாம், அண்ணன் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. இன்னொன்று, அமெரிக்கக் கார்களில் பெல்ட்டை முழுக்க இழுத்துவிட்டால் அப்படியே லாக் ஆகும் வசதி இருக்கும். நம் ஊர் கார்கள் பெரும்பாலானவற்றில் அது கிடையாது. சீட்டிலேயே பெல்ட்டைப் பிடித்து லாக் செய்கிற அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பொருத்தியபின் பெல்ட் போகிற இடத்தில் பிடித்து ஆட்டினால் ஓர் அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாது.

கேள்வி: சீட் சிறிதாகிவிட்டது, புதியது வர பத்து நாள் ஆகும். அதற்குள் ஊட்டி போக வேண்டியிருக்கிறது. ஒரு தடவை மடியில் வைத்துக்கொண்டால் என்ன?
- வாசகி, ஈரோடு

பதில்: 50 கி.மீ. வேகத்தில் மோதி நிற்பது, கணக்குப்படி சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடி உயரத்திலிருந்து, விழுவதற்குச் சமம். அந்த நொடியில் 9 கிலோ குழந்தையை எந்தக் கையாலும் பிடித்து வைக்க முடியாது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவின்படி, 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை சீட் பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் காரில் கூட்டிப்போனால் 1,000 ரூபாய் அபராதமும் உண்டு. ஊட்டியைப் பத்து நாள் தள்ளிப்போடுங்கள், இல்லையென்றால் யாரிடமாவது சரியான அளவு சீட்டைக் கடன் வாங்குங்கள். போகும்போது ஸ்வெட்டர் போட்டபடியே பெல்ட் மாட்டாதீர்கள், உள்ளே பெல்ட் தளர்ந்துதான் இருக்கும். பெல்ட் போட்டபின் மேலே ஒரு போர்வையைப் போர்த்திவிடலாம்.

கேள்வி: 8 மாதப் பையன். சீட் இன்னும் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் அவனோடு சேர்த்துத் தூக்க முடியவில்லை, இடுப்பு போகிறது. மாற்றிவிடலாமா? தூங்கிவிட்டால் சீட்டோடு வீட்டுக்குள் கொண்டுபோய் அப்படியே விட்டுவிடுவோம்.
- வாசகி, மதுரை

பதில்: உங்கள் இடுப்புக்காக சீட்டை மாற்ற வேண்டியதில்லை. சீட்டைக் காரிலேயே விட்டுவிட்டுப் பையனை மட்டும் தூக்குங்கள். மதுரை வெயிலில் நிறுத்திய கார் என்றால் சீட்டின் மேல் ஒரு துண்டைப் போட்டு வையுங்கள், பக்கிள் சுடும். வீட்டுக்குள் சீட்டிலேயே தூங்கவிடும் பழக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள். காரில் சரியான சாய்வில் இருக்கிற சீட், தரையில் வைத்தால் அதே சாய்வில் நிற்காது, தலை முன்னால் தொங்கி மூச்சு அடைபடலாம். வீடு வந்ததும் எடுத்துப் பாயிலோ தொட்டில் கட்டிலிலோ மல்லாக்கப் படுக்க வையுங்கள். முழித்துக்கொண்டால் முழித்துக்கொள்ளட்டும்.