சமையல் குறிப்பில் என்னம்மா ஆராய்ச்சி? – வாசகர் கேள்வி பதில்

தமிழ் வார இதழ்களில் வந்த சமையல் குறிப்புகளின் மொழிநடையை ஆராய்ந்து, மைசூரில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் மொழியியல் மாணவியின் பேட்டி சென்ற இதழில் வந்தது. அதைப் படித்த வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு அவரே பதில் எழுதுகிறார்.

சொற்களை எண்ணுவதுதான் உங்கள் ஆராய்ச்சி என்று புரிந்துகொண்டேன். எண்ணுவதற்கா இத்தனை வருடம்?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பண்ருட்டி

ஐயா, எண்ணுவதைக் கணினி கண் இமைக்கும் நேரத்தில் செய்துவிடும். அதற்கு முன்னால் இருக்கிற வேலைதான் வருடங்களைத் தின்கிறது.

எண்ணுவதற்கு முதலில் ஒரு கார்ப்பஸ் வேண்டும். அதைத் தமிழில் தரவகம் என்கிறோம். மக்கள் உண்மையிலேயே எழுதியதையும் பேசியதையும் ஒரு திட்டத்தோடு திரட்டி, கணினியில் தேடும்படி வைத்திருப்பது. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் பிரான்சிஸ், குச்செரா என்ற இருவர் 1964இல் முடித்த தரவகத்தை எங்கள் துறையில் எல்லோரும் பாடமாகப் படிப்போம். 1961இல் அச்சான எழுத்துகளிலிருந்து 500 பகுதிகள், பகுதிக்குச் சுமார் 2,000 சொற்கள், ஆக மொத்தம் 10 லட்சம். இன்றைய கணக்கில் அது சின்னஞ்சிறியது. ஆனால் செய்தி இவ்வளவு, மதநூல் இவ்வளவு, கதை இவ்வளவு என்று முன்கூட்டியே முடிவு செய்து எடுத்தார்கள். இன்றும் அதைப் பற்றிப் பேசுவது அதனால்தான். கிடைத்ததையெல்லாம் வாரிப் போட்டால் அது குவியல், தரவகம் ஆகாது.

என் திட்டம் 1950களிலிருந்து 2000கள் வரை, பத்தாண்டு பத்தாண்டாகச் சமையல் குறிப்புகள். பழைய இதழ்களுக்குச் சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போவேன். கோட்டையூர்க்காரர் ஒருவர் வாழ்நாளெல்லாம் சேர்த்த புத்தகங்களில் தொடங்கிய நூலகம் அது. அச்சுப் பக்கத்தை எழுத்தாக மாற்றும் மென்பொருள் இருக்கிறது. புதிய இதழ்களில் ஓரளவு ஒழுங்காகவே படிக்கும். 1978இல் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்ததே, அதற்கு முந்தைய பக்கங்களில்தான் திணறும். ணை, லை, ளை, னை நான்கும் அப்போது தும்பிக்கை போட்ட எழுத்துகள் அல்லவா? சமையல் குறிப்பில் லை வராத பத்தி உண்டா? கறிவேப்பிலை, கறிவேப்பிலை, கறிவேப்பிலை! மென்பொருள் ஒவ்வொரு முறையும் அதை ஒவ்வொரு விதமாகக் குதறி வைக்கும். நான் உட்கார்ந்து திருத்துவேன். என் ஆய்வில் பெரும்பகுதி கறிவேப்பிலை ஆய்ந்ததுதான் என்று விடுதித் தோழிகள் சொல்வார்கள்.

அப்புறம், நீங்கள் தமிழாசிரியர். எந்தச் சொல் எங்கெங்கே வருகிறது என்று காட்டும் சொல்லடைவு உங்களுக்குப் புதிதாக இருக்காது. சங்க நூல்களுக்குப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1960களின் கடைசியில் சொல்லடைவு வெளியிட்டது. பிற்காலத்தில், மதுரை அமெரிக்கன் கல்லூரியில் கணிதம் கற்பித்த ப. பாண்டியராஜா கணினி வழியே, சொல் வரும் அடியையும் சேர்த்துக் காட்டும் தொடரடைவு செய்தார். நான் செய்வதும் அந்த வகைதான். நற்றிணை இருந்த இடத்தில் நெய்ச் சோறு வந்திருக்கிறது.

நாங்கள் தினமும் படிக்கிற சமையல் குறிப்பில் ஆராய என்ன இருக்கிறது? கோபித்துக்கொள்ள வேண்டாம்.
– இல்லத்தரசி, பொள்ளாச்சி

கோபமே இல்லை அம்மா, என் அம்மாவும் இதையேதான் கேட்கிறார். கூடவே, சமைக்கத் தெரியாதவளுக்கு இது தேவையா என்றும் கேட்பார்.

கையில் ஏதாவது ஒரு குறிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வெங்காயத்தை நறுக்கிக்கொள்ளவும், தேங்காயை அரைத்துக்கொள்ளவும், பருப்பை வேகவைத்துக்கொள்ளவும் என்று தொடங்கும். முடிவில் தாளித்துக் கொட்டவும், இறக்கவும், சூடாகப் பரிமாறவும். முதலில் வரிசையாக வந்த ‘கொள்’ கடைசியில் எங்கே போயிற்று? பின்னால் வேறொரு வேலைக்குத் தேவைப்படும் என்று செய்து வைப்பதற்கெல்லாம் கொள் ஒட்டிக்கொள்கிறது. முடிந்துபோகிற வேலைக்கு அது வேண்டியதில்லை. பரிமாறிக்கொள்ளவும் என்று எழுதினால் விருந்தாளிகள் ஒருவர் இலையில் ஒருவர் போட்டுக்கொள்வதாக ஆகிவிடும். எந்த வேலை ஆயத்தம், எது முடிவு என்று குறிப்பு எழுதுகிறவர் ஒரு துணைவினையால் பிரித்துக் காட்டிவிடுகிறார். இதை யாரும் அவருக்குப் பள்ளியில் சொல்லித் தரவில்லை. கேட்டால் அவருக்கே தெரியாது. நூற்றுக்கணக்கான வரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிப் பார்க்கும்போதுதான் கண்ணில் படும்.

இன்னொன்று. வதக்கவும், கிளறவும் என்கிற இந்த ‘வும்’ முடிவுக்கு எதிர்மறை கிடையாது. நீங்களே முயன்று பாருங்கள், வராது. அதட்டாமல், கெஞ்சாமல், எதிரே யாரென்று பார்க்காமல் சொல்வதற்கு வசதியான வடிவம் இது. கதவை மூடவும் என்று வங்கியில் எழுதியிருப்பதும் இதுதான். ஆனால் செய்யாதே என்று சொல்ல வேண்டி வந்தால் என்ன செய்வது? சமையல் குறிப்பு சுற்றிக்கொண்டு போகும்: அடிப்பிடிக்காமல் கிளறவும், கருகாமல் பார்த்துக்கொள்ளவும். தடுப்பதைக்கூடச் செய்யச் சொல்கிற மாதிரி சொல்லிவிடும். இதற்காக ஒரு அத்தியாயமே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அளவுகள் தனிக் கதை. பழைய குறிப்புகளில் வீசை, பலம், ஆழாக்கு. மெட்ரிக் முறை வந்த பிறகு கிராம். ஆனால் கிராம் வந்ததும் ஆழாக்கு உடனே ஓடிப்போய்விடவில்லை. ஒரே குறிப்பில் இரண்டும் அக்கம்பக்கமாக உட்கார்ந்திருக்கும். பிரெஸ்டீஜ், ஹாக்கின்ஸ் குக்கர்கள் 1959இல் இங்கே வந்தன. அதன் பிறகு விசிலும் ஒரு கால அளவாகிவிட்டது. மூன்று விசில் என்றால் எத்தனை நிமிடம் என்று யாரும் கேட்பதில்லை.

நான் பி.ஏ. தமிழ் மூன்றாம் ஆண்டு. கம்ப்யூட்டர் அதிகம் தெரியாது. இந்தத் துறைக்கு வர முடியுமா?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

வரலாம் தம்பி. ஆண்ட்கான்க் என்று ஒரு இலவச மென்பொருள், ஜப்பானின் வசேதா பல்கலைக்கழகத்தில் இருக்கும் லாரன்ஸ் ஆண்டனி எழுதியது. ஒரு சொல்லைக் கொடுத்தால் அது வரும் எல்லா வரிகளையும், சொல் நடுவில் நிற்கும்படி அடுக்கிக் காட்டும். ஃபிர்த் என்ற ஆங்கிலேய மொழியியலாளர் 1957இல் சொன்னது எங்கள் துறையின் மந்திரம் மாதிரி: ஒரு சொல்லை அதன் கூட்டாளிகளைக் கொண்டு அறியலாம். ‘பொன்னிறமாக’ என்று தேடிப் பாருங்கள், பக்கத்தில் யார் யார் நிற்கிறார்கள் என்று தெரியும். அந்த ஃபிர்த்தே 1934இல் ஆர்டனின் தமிழ் இலக்கண நூலுக்குத் தமிழ் உச்சரிப்பைப் பற்றி ஒரு பகுதி எழுதிக் கொடுத்தவர். நம் ஊரில் இதை யாரும் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்வதில்லை, ஏனோ.

பைத்தான் என்ற கணினி நிரல் மொழியைக் கொஞ்சம் கற்றுக்கொள்ளுங்கள், தமிழுக்கு அது இல்லாமல் நகர முடியாது. ஏனென்று சொல்கிறேன். கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் ‘கொ’ என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்க்கலாம். அல்லது கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்க்கலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். கணினிக்கு வேறு வேறு. நான் ஆராய்கிற ‘கொள்ளவும்’ அந்த எழுத்தில்தான் தொடங்குகிறது, கொத்தமல்லியும் அப்படியே. முதலில் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராவிட்டால் பாதி கொத்தமல்லி காணாமல் போகும். ஔவையாரை ஒகரமும் ளகரமுமாக அடிக்கிறவர்களும் உண்டு.

யூனிகோடுக்கு முந்தைய கோப்புகள் இன்னும் மோசம். பாமினி எழுத்துருவில் அடித்ததை அந்த எழுத்துரு இல்லாமல் திறந்தால் ‘தமிழ்’ என்ற சொல்லே நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாக நிற்கும். அதன் பிறகு இடைவெளி வழக்கு. நறுக்கிக்கொள்ளவும் என்று சேர்த்து எழுதினால் ஒரு சொல், நறுக்கிக் கொள்ளவும் என்று பிரித்தால் இரண்டு. ஒரே ஆசிரியர் ஒரே பக்கத்தில் இரண்டையும் எழுதுவார். எது சரி என்று தீர்ப்புச் சொல்வது என் வேலை இல்லை. ஆனால் எப்படி எண்ணினேன் என்று ஆய்வேட்டில் எழுதியாக வேண்டும்.

தமிழ் இலக்கணம் நன்றாகத் தெரிந்தவர் பைத்தான் கற்பது சுலபம். மறுதலை எனக்குத் தெரிந்தவரை அவ்வளவு சுலபம் இல்லை. தைரியமாக வாருங்கள்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. இனி உங்கள் ஆராய்ச்சி எதற்கு?
– பொறியாளர், சேலம்

அதனிடமே கேட்டேன். 1950ஆம் ஆண்டு வார இதழில் வந்தது போல ஒரு சாம்பார் குறிப்பு எழுதச் சொன்னேன். அருமையாக எழுதியது, பருப்பை மூன்று விசில் விட்டு. குக்கர் வந்த வருடத்தை மேலே சொல்லியிருக்கிறேன்.

கிண்டலுக்குச் சொல்லவில்லை. எழுத்துப்படியைச் சரிபார்க்க நானும் அதைப் பயன்படுத்துகிறேன், நேரம் மிச்சமாகிறது. ஆனால் எனக்கு வேண்டியது இப்படி எழுதியிருக்கலாம் என்பதல்ல. இந்த இதழில், இந்தத் தேதியில், இந்தப் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தார்கள் என்பது. தவிர, அந்த இயந்திரமும் யாரோ திரட்டிய எழுத்துக் குவியலில் கற்றதுதான். இணையத்தில் இருக்கிற தமிழைத்தான் அதனால் அதிகம் படித்திருக்க முடியும். நூலகத்தில் தூசி படிந்து கிடக்கும் இதழ்களை முதலில் யாராவது எழுத்தாக்கிக் கொடுக்க வேண்டுமே.

உங்களுக்கு மிகவும் பிடித்த தமிழ்ச் சொல் எது?
– பள்ளி மாணவி, தேனி

உங்கள் வகுப்பு ஆசிரியையிடம் போய் எந்தப் பிள்ளையைப் பிடிக்கும் என்று கேட்டால் என்ன சொல்வாரோ, அதுதான் என் பதிலும்.

என் மகள் மொழியியல் படிக்க ஆசைப்படுகிறாள். செலவு, வேலை வாய்ப்பு பற்றி உள்ளபடி சொல்லுங்கள்.
– ஒரு தாய், கரூர்

உள்ளபடி சொல்கிறேன் அக்கா. முதுநிலை மொழியியலைச் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், கோவை பாரதியார், வெளியே ஹைதராபாத், டெல்லி என்று பல இடங்களில் படிக்கலாம். அதன் பிறகு நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000. இது 2023 ஜனவரி முதல் உள்ள தொகை. ஜே.ஆர்.எஃப். கிடைக்காமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தால் மாதம் 8,000. இரண்டுக்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். அதனால் முதுநிலைப் படிப்பின்போதே அந்தத் தேர்வில் குறியாக இருக்கச் சொல்லுங்கள். முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6. பெண்களுக்கு மேலும் 2 ஆண்டு தளர்வு உண்டு.

உதவித்தொகை மாதாமாதம் தேதி தவறாமல் வரும் என்று நம்பி வாடகை வீடு மட்டும் பிடிக்க வேண்டாம். சில மாதம் நிற்கும், பிறகு மொத்தமாக வரும். விடுதி மெஸ்ஸில் கணக்கு வைத்திருப்பவர் நல்லவராக இருக்க வேண்டும். எங்களுக்கு அமைந்திருக்கிறார்.

வேலை என்றால் கல்லூரி ஆசிரியர் பணி கொஞ்சம், போட்டி நிறைய. இங்கே மைசூரில் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் இருக்கிறது. அங்கே இந்திய மொழிகளுக்கான எழுத்துத் தரவும் பேச்சுத் தரவும் திரட்டும் திட்டம் நடக்கிறது. இதுபோன்ற இடங்களில் ஒப்பந்தப் பணிகள் வரும். மொழித் தொழில்நுட்ப நிறுவனங்கள் இப்போது மொழியியல் படித்தவர்களைக் கேட்கின்றன, ஆனால் கணினியும் தெரிந்தவர்களாக. நிச்சயம் வேலை என்று வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. அவளுக்குப் பொறுமை உண்டா, ஒரே மாதிரி வேலையை நாள்கணக்கில் செய்வாளா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஆராய்ச்சி நேரம் போக என்ன செய்வீர்கள்?
– வாசகர், தாம்பரம்

மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் மானசகங்கோத்திரி வளாகத்தை ஒட்டிக் குக்கரஹள்ளி ஏரி இருக்கிறது. மாலையில் நடப்பேன், பறவை பார்ப்பேன். பெயர்ப்பலகை, கல்யாணப் பத்திரிகை, மருந்துச் சீட்டு எதையும் சும்மா படிக்க முடியாத நோய் வந்துவிட்டது. ஓட்டலில் ‘கை கழுவவும்’ என்று பார்த்தால் போதும், மனசு அதை அத்தியாயத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

என் மாமியாரின் சமையல் நோட்டு ஒன்று இருக்கிறது, கையெழுத்து. உங்களுக்குப் பயன்படுமா?
– வாசகி, காரைக்குடி

பயன்படுமாவா! அச்சில் வருவதை ஓர் ஆசிரியர் திருத்தியிருப்பார். நோட்டில் யாரும் திருத்தவில்லை. ‘வதக்கவும்’ இருக்காது, ‘வதக்கி’ என்று பாதியில் நின்றிருக்கும், தனக்குத்தானே எழுதிக்கொண்டதுதானே. அச்சுக் குறிப்புகளோடு கலக்காமல் தனித் தொகுதியாக வைத்து ஒப்பிட ஆசை.

நோட்டை அனுப்ப வேண்டாம் அம்மா, தபாலில் தொலைந்தால் நான் தாங்கமாட்டேன். பகல் வெளிச்சத்தில், ஜன்னல் ஓரத்தில் வைத்து ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து இதழ் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். எண்ணெய்க் கறை இருந்தாலும் பரவாயில்லை. எந்த ஊரில் பிறந்தவர், எங்கே வாழ்க்கைப்பட்டார், எந்த வருடம் எழுதினார் என்பது தெரிந்தவரை குறிப்பிடுங்கள். வருடம் தெரியாவிட்டால், வீட்டில் குக்கர் வாங்குவதற்கு முன்பா பின்பா என்று யாரையாவது கேட்டுச் சொன்னாலும் போதும். எழுத்துப்பிழை இருந்தால் திருத்திவிடாதீர்கள். அவர் பெயரை எங்கேயும் வெளியிடமாட்டேன். சரி, உங்கள் வீட்டில் எல்லோருக்கும் சம்மதம்தானா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.