வாசகர் கேள்வி–பதில்: டிஃபையன்ட் என்னும் சின்னக் கப்பல்

'ஸ்டார் ட்ரெக்: டீப் ஸ்பேஸ் நைன்' என்னும் விண்வெளித் தொலைக்காட்சித் தொடரில் வரும் டிஃபையன்ட் வகைப் போர்க்கப்பலைப் பற்றிச் சென்ற இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான். ஆகவே இந்த முறை மற்ற கேள்விகளைத் தள்ளிவைத்துவிட்டு இதற்கே இடம் கொடுக்கிறேன்.

எண்டர்பிரைஸ் போன்ற பிரம்மாண்டமான கப்பல்கள் இருக்கும்போது, இந்தக் குட்டிக் கப்பல் மேல் உங்களுக்கு ஏன் இவ்வளவு பிரியம்?

தன்னிடம் என்னவெல்லாம் இல்லை என்று சொல்லிக்கொண்டே அறிமுகமான கப்பல் அது. 1994-இல், மூன்றாவது சீசனின் முதல் அத்தியாயத்தில், தொடரின் நாயகரான கமாண்டர் சிஸ்கோ தன் அதிகாரிகளிடம் அதைக் காட்டுகிறார். குடும்பங்கள் கிடையாது, ஆய்வுக்கூடங்கள் கிடையாது, சொகுசு எதுவும் கிடையாது என்கிறார். அதற்கு முந்தைய தொடரின் எண்டர்பிரைஸில் ஆயிரம் பேருக்கு மேல் குடியிருந்தார்கள். குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம்கூட இருந்தது. இதிலோ ஏறத்தாழ ஐம்பது பேர், இரண்டடுக்குப் படுக்கை.

இப்படி ஒரு கப்பல் ஏன் தேவைப்பட்டது என்பதற்கும் கதையில் வலுவான காரணம் உண்டு. வுல்ஃப் 359 சண்டையில் 'போர்க்' என்னும் எதிரியின் ஒரே ஒரு கப்பல், சிஸ்கோ பணிபுரியும் விண்கப்பல் படையான ஸ்டார்ஃப்ளீட்டின் 39 கப்பல்களை அழித்துவிடுகிறது. சிஸ்கோ தன் மனைவியை இழந்தது அந்தச் சண்டையில்தான். பிறகு செவ்வாயில் உள்ள கப்பல் கட்டும் தளத்தில் இந்த வடிவமைப்புக்கு அவரும் கைகொடுக்கிறார். பார்க்கப் பார்க்க அது புரியும். முன்பக்கம் நோக்கி ஃபேஸர் என்னும் நான்கு கதிர்ப் பீரங்கிகள், குவாண்டம் டார்பிடோக்கள், அடிபட்டால் மேலடுக்கு ஆவியாகி உள்ளிருப்பதைக் காக்கும் கவசம். துக்கத்தில் இருக்கும் ஒருவர் வரைந்த வரைபடம் இப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

முழு வேகத்தில் ஓட்டிப் பார்த்தபோது கப்பல் தானே உடையப் பார்த்தது என்று வருகிறதே. எதிரி அடிக்காமல் ஒரு கப்பல் உடையுமா? கொஞ்சம் மிகைதானே?

இல்லை. அந்தத் தொடரில் எனக்கு மிகவும் நம்பும்படியாக இருந்த வசனமே அதுதான். கப்பலின் அளவுக்கு மீறிய பீரங்கி, அளவுக்கு மீறிய என்ஜின். போர்ப் பயிற்சியில் என்ஜினை முழுத் திறனில் ஓட்டியபோது பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது என்கிறார் சிஸ்கோ. 'போர்க்' மிரட்டலும் அப்போது தணிந்திருந்ததால், திட்டத்தையே மூட்டை கட்டி வைத்துவிடுகிறார்கள்.

சரக்குக் கப்பல்களின் என்ஜின் அறையில் வேலை பார்த்தவன் நான். பெரிய டீசல் என்ஜின் ஓடும் கப்பல்களில் சுற்றுவேகம் காட்டும் முள்ளுக்குக் கீழே, எண்களுக்கு நடுவில், ஒரு சிவப்புப் பட்டை இருக்கும். நாங்கள் 'கிரிட்டிகல்' என்போம். அந்த வேகத்தில் சிலிண்டர்களின் உந்தல் தாளமும் என்ஜினின் சுழல்தண்டு முறுக்கி நிமிரும் இயல்பான தாளமும் ஒன்றோடொன்று பொருந்திவிடும். பொருந்திவிட்டால் ஒவ்வொரு உந்தலும் முந்தையதோடு கூடிக்கொண்டே போகும். அங்கே நிற்கக் கூடாது, வேகத்தைக் கூட்டும்போதும் குறைக்கும்போதும் அந்தப் பட்டையைச் சட்டென்று தாண்டிவிட வேண்டும். தாண்டுகிற சில நொடிகளில் காலடித் தகடு அதிரும், கைப்பிடிக் கம்பி கிணுகிணுக்கும், மேசை மேல் வைத்த பேனா உருண்டு விழும். தாண்டியதும் அடங்கிவிடும். அங்கேயே தங்கினால் தண்டு சோர்ந்து விரிசல் விடும். எதிரி யாரும் தேவையில்லை.

சின்ன உடலில் பெரிய என்ஜினைப் பொருத்தும் எவருக்கும் இந்தப் பிரச்சினை வரும். அதிர்வைத் தாங்க உடலுக்கு எடை கூட்டினால் வேகம் போகும். எடையைக் குறைத்தால் அதிரும். இதைச் சாதனையாகக் காட்டாமல் குறையாகவே சொல்லி அறிமுகப்படுத்திய கதாசிரியர்களை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

இவ்வளவு ஆயுதம் வைத்துக்கொண்டு, ஏட்டில் மட்டும் இது 'எஸ்கார்ட்' கப்பல் என்று இருக்கிறது. எஸ்கார்ட் என்றால் துணைக்கு வருகிற கப்பல்தானே?

சிஸ்கோவே அதை ஒப்புக்கொள்கிறார்: ஏட்டில் எஸ்கார்ட், நிஜத்தில் போர்க்கப்பல். ஸ்டார்ஃப்ளீட் தன்னை ஆராய்ச்சிக்கான அமைப்பாகப் பார்க்கிறது, போருக்கென்றே ஒரு கப்பல் கட்டினோம் என்று எழுத அதற்குக் கை வராது.

ஆனால் துணைக்கு வருகிற கப்பல் என்றால் சாதாரணம் என்று நினைத்துவிடாதீர்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சின்ன டார்பிடோ படகுகள் பெரிய போர்க்கப்பல்களையே மூழ்கடிக்கலாம் என்ற பயம் வந்தது. அவற்றைத் துரத்திப் பிடிக்க 1893-இல் பிரிட்டன் 'ஹாவக்' என்ற சின்ன, வேகமான கப்பலை நீரில் இறக்கியது. டிஸ்ட்ராயர் என்னும் வகை அங்கிருந்துதான் வளர்ந்தது. இன்று அமெரிக்காவின் ஸும்வால்ட் டிஸ்ட்ராயர் 15,000 டன்னைத் தாண்டுகிறது. சின்னதாகப் பிறந்த கப்பல் வகை எதுவும் சின்னதாகவே இருந்துவிட அனுமதிக்கப்படுவதில்லை.

இரண்டாம் உலகப்போரின் ஃப்ளவர் வகை கார்வெட் என்னும் சிறு காவல் கப்பல் இன்னொரு உதாரணம். நீளம் சுமார் 62 மீட்டர், திமிங்கில வேட்டைப் படகின் வடிவமைப்பிலிருந்து வந்தது. அதிகபட்ச வேகம் 16 நாட். நீர்மட்டத்துக்கு மேலே ஓடும் ஜெர்மன் நீர்மூழ்கி அதைவிட வேகமாகப் போகும்! ஆனாலும் அட்லாண்டிக்கில் சரக்குக் கப்பல் வரிசைகளைக் காத்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. பழைய பாணி நீராவி என்ஜினைத்தான் அதில் வைத்தார்கள். வணிகக் கப்பல்களிலிருந்து வந்த ஆட்களுக்கு அதைக் கையாளத் தெரியும், பெரிய போர்க்கப்பல் கட்டாத தளங்களிலும் அதைக் கட்டலாம். ஓட்டப்போகிறவன் யார் என்று யோசித்துக் கட்டிய கப்பல் அது. டிஃபையன்ட்டை வரைந்தவர்கள் எதிரியைப் பற்றி மட்டும்தான் யோசித்தார்கள்.

டிஃபையன்ட்டின் நீளம் எவ்வளவு?

120 மீட்டர் என்றும் இருக்கிறது, 170 மீட்டர் என்றும் இருக்கிறது. திரையில் காட்சிக்குக் காட்சி மாறும். சண்டை போடாதீர்கள்.

சின்னக் கப்பல் என்பதால் சட்டென்று திரும்பும் என்கிறார்கள். காற்றே இல்லாத இடத்தில் சின்னது, பெரியது என்ன வித்தியாசம்?

வித்தியாசம் நிறைய. ஒரே வடிவத்தில், ஒரே பொருளில் ஒரு கப்பலை இரண்டு மடங்கு நீளமாகக் கட்டினால் நிறை 8 மடங்காகும். ஆனால் அதைச் சுழற்றுவதற்கான தடை 32 மடங்காகும். பக்கவாட்டு உந்திகள் மையத்திலிருந்து இரண்டு மடங்கு தள்ளி இருக்கும் என்று சலுகை கொடுத்தாலும், அதே வேகத்தில் திருப்ப 16 மடங்கு உந்துவிசை வேண்டும். டிஃபையன்ட்டின் பீரங்கிகள் முன்பக்கம் பார்த்தபடி பொருத்தப்பட்டவை என்பதால் மூக்கைத் திருப்புவதுதான் குறிபார்ப்பது. எனவே அது சின்னதாக இருந்தே ஆக வேண்டும்.

அப்புறம் ஒன்று. மூக்கைத் திருப்பினால் பாதை திரும்பாது. முன்னால் போய்க்கொண்டிருந்த வேகம் அப்படியே இருக்கும், என்ஜினை எரித்துத்தான் அதை மாற்ற வேண்டும். திரையில் இந்தக் கப்பல் விமானம்போல வளைந்து பறப்பது கண்ணுக்கு அழகு, கணக்குக்கு ஒத்துவராது.

ரோமுலன்கள் என்னும் வேற்றுக்கிரகத்தார் கொடுத்த, கப்பலைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கும் மறைப்புக் கருவி நிஜத்தில் சாத்தியமா?

கண்ணிலிருந்து மறைவதை விடுங்கள், வெப்பத்தை எங்கே மறைப்பது? விண்வெளியின் பின்னணி கிட்டத்தட்ட 3 கெல்வின், அதாவது மைனஸ் 270 டிகிரி செல்சியஸ். ஆள் வாழும் கப்பல் 300 கெல்வின் (27 டிகிரி செல்சியஸ்) பக்கம் இருந்தாக வேண்டும். அந்த வெப்பநிலையில் ஒரு சதுர மீட்டர் கருப்புப் பரப்பு சுமார் 460 வாட் கதிர்வீச்சை வெளியே விடும். என்ஜினிலிருந்து 100 மெகாவாட் வீண்வெப்பம் வந்தால், அதைக் கழிக்க இரண்டு லட்சம் சதுர மீட்டருக்கு மேல் பரப்பு வேண்டும். டிஃபையன்ட்டின் மேல்தோல் அதற்குப் பக்கத்தில்கூட வராது. ரேடியேட்டரைச் சூடாக்கிச் சிறிதாக்கலாம், ஆனால் சூடானது இன்னும் பளிச்சென்று தெரியும். வெப்பத்தை உள்ளேயே அடக்கி வைத்தால் கொஞ்ச நேரம் ஒளிந்திருக்கலாம், அப்புறம் ஆட்கள் வெந்துபோவார்கள்.

கதை இதைத் தொடுவதில்லை. ஆனால் வேறொரு விலை வைக்கிறது: மறைந்திருக்கும்போது கேடயம் கிடையாது, சுடவும் முடியாது. நல்ல விதி அது.

'வேலியன்ட்' அத்தியாயத்தில் பயிற்சி மாணவர்களே ஒரு டிஃபையன்ட் வகைக் கப்பலை ஓட்டி அழிந்துபோகிறார்கள். தவறு கப்பலிலா, பிள்ளைகளிலா? என் மகள் அதைப் பார்த்துவிட்டு அழுதாள்.

அழ வேண்டிய அத்தியாயம்தான் அது, அம்மா. 1998-இல் வந்தது. எதிரியின் எல்லைக்குள் அதிகாரிகளை இழந்த மாணவர்கள் கப்பலைத் தாங்களே நடத்துகிறார்கள். வேவு பார்த்துத் தகவல் சேகரித்த பிறகு திரும்பியிருக்கலாம். அதற்குப் பதில் தங்களைவிடப் பல மடங்கு பெரிய கப்பலைத் தாக்கப் போகிறார்கள். தப்பிப் பிழைத்தது மூன்றே பேர்.

கப்பலைக் குறை சொல்ல மாட்டேன். உங்கள் மகளோடு இன்னொரு முறை பார்த்தால் அந்த இளம் கேப்டனைக் கவனியுங்கள். தூக்கத்தை ஒதுக்கிவிட்டு ஊக்க மருந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பான். சின்னக் கப்பலில் மாற்றாள் கிடையாது, முறைவேலை ஒருவர் தலையிலேயே திரும்பத் திரும்ப விழும். இன்று கடலில் ஓடும் வணிகக் கப்பல்களுக்குச் சர்வதேச விதி இருக்கிறது: 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு, ஏழு நாளில் 77 மணி நேரம். கையெழுத்துக்காக அந்த ஏட்டை நிரப்புகிறவர்களும் உண்டு, உண்மையாகவே ஆளைத் தூங்க அனுப்புகிற கேப்டன்களும் உண்டு. அந்தக் கப்பலில் 'நீ போய்த் தூங்கு' என்று அவனுக்கு உத்தரவு போட ஒரு பெரியவர் இல்லை. பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் வரவே இல்லை.