கேள்வி பதில்: கோவை யாருக்கு ஓட்டுப் போடுகிறது?

கே: கோவை அதிமுக கோட்டை என்கிறார்கள், பாஜக வளர்ந்த மண் என்கிறார்கள், 2024-ல் ஜெயித்ததோ திமுக. உண்மையில் எங்கள் ஊர் எந்தக் கட்சி ஊர்?
– வாசகி, பீளமேடு

ப: எந்தத் தேர்தலைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் பதில். சட்டமன்றம் என்றால் 2016-ல் மாவட்டத்தின் 10 தொகுதிகளில் 9 அதிமுகவுக்கு, 2021-ல் மாநிலமே திமுக பக்கம் போனபோதும் பத்துக்குப் பத்து அதிமுக கூட்டணிக்கு. அதைப் பார்த்தால் கோட்டைதான். ஆனால் இதே ஊர் மக்களவைக்கு அதிமுக சின்னத்தில் நின்ற ஒருவரை அனுப்பியது ஒரே ஒரு தடவை, 2014-ல். கம்யூனிஸ்ட்கள் அதைவிடப் பல மடங்கு ஜெயித்திருக்கிறார்கள். அப்புறம் மாநகராட்சி. 2021 மே மாதம் திமுக கூட்டணியை ஒரு தொகுதியில்கூட ஜெயிக்க விடாத மாவட்டம், 2022 பிப்ரவரியில் மாநகராட்சியின் 100 வார்டில் 96-ஐ அதே கூட்டணிக்குக் கொடுத்தது. பத்து மாதத்துக்குள் சித்தாந்தம் மாறிவிட்டதா? இல்லை. சாக்கடையும் தண்ணீரும் ரோடும் நடக்க வேண்டுமென்றால் ஆளுங்கட்சி கவுன்சிலர் இருக்கட்டும் என்று நினைப்பவர்கள் எந்த ஊரிலும் உண்டு, செந்தில் பாலாஜியைப் பொறுப்பு அமைச்சராகப் போட்டு ஆளுங்கட்சி இறங்கி வேலை பார்த்ததும் உண்டு.

கே: நான் ஓய்வுபெற்ற மில் தொழிலாளி. செங்கொடி பறந்த ஊரில் பாஜக எப்படி வந்தது? எங்கள் பிள்ளைகள் மாறிவிட்டார்களா?
– வாசகர், சிங்காநல்லூர்

ப: கொஞ்சம் மாறியிருக்கிறார்கள், ஆனால் நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இல்லை, பாஜகவினர் சந்தோஷப்படுகிற அளவுக்கும் இல்லை. 1946-ல் சின்னியம்பாளையம் தொழிலாளர்கள் நான்கு பேர் தூக்கிலிடப்பட்ட ஊர் இது. பார்வதி கிருஷ்ணன், கே. ரமணி, பாலதண்டாயுதம் என்று கம்யூனிஸ்ட்கள் வரிசையாக மக்களவைக்கு ஜெயித்ததற்குப் பின்னால் பஞ்சாலைச் சங்கங்கள் இருந்தன. மில்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, அந்த இடத்தில் பம்ப்செட், ஃபவுண்டரி, சின்னச் சின்ன ஒர்க்‌ஷாப் என்று ஆனபோது, நேற்றைய தொழிலாளியின் மகன் நாலு பேரை வைத்து வேலை வாங்கும் முதலாளி ஆகிவிட்டான், அவனுக்குச் சங்கத்தைவிட ஜிஎஸ்டியும் கரண்ட் பில்லும்தான் கவலை. 1997 கலவரமும் 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்பும் இந்து-முஸ்லிம் இடையே போட்ட கோடு வேறு இருக்கிறது, அதை மறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பாஜகவின் சி.பி. ராதாகிருஷ்ணன் 1998-ல் ஜெயித்தது அதிமுக கூட்டணியில், 1999-ல் ஜெயித்தது திமுக கூட்டணியில். மார்க்சிஸ்ட் பி.ஆர். நடராஜன் 2009-ல் ஜெயித்தது அதிமுக கூட்டணியில், 2019-ல் ஜெயித்தது திமுக கூட்டணியில், அதுவும் அதே ராதாகிருஷ்ணனைத் தோற்கடித்து. அதனால் காவியா சிவப்பா என்று டிவியில் அடித்துக்கொள்வதற்கு முன்னால், தோள் கொடுத்த கழகம் எது என்று பார்த்துவிடுவது நல்லது.

கே: 2024-ல் அதிமுகவும் பாஜகவும் சேர்ந்திருந்தால் அண்ணாமலை ஜெயித்திருப்பாரா?
– வாசகர், சூலூர்

ப: கணக்குப்படி ஆமாம். திமுகவின் கணபதி ராஜ்குமாருக்கு சுமார் 5.68 லட்சம், அண்ணாமலைக்கு 4.5 லட்சம், அதிமுகவின் சிங்கை ராமச்சந்திரனுக்கு 2.36 லட்சம். பின்னிரண்டையும் கூட்டினால் 6.8 லட்சத்தைத் தாண்டுகிறது. ஆனால் ஓட்டு அப்படிக் கூடாது. பாஜக இல்லாததால்தான் அதிமுகவுக்குப் போட்ட சிறுபான்மையினர் கொஞ்சம் பேர், இரண்டு கழகமும் வேண்டாம் என்றே அண்ணாமலைக்குப் போட்ட இளைஞர்கள் கொஞ்சம் பேர். கூட்டணி வைத்ததுமே இந்த இரண்டு தரப்பும் நகர ஆரம்பித்துவிடும். 2019-ல் இரண்டு கட்சியும் சேர்ந்தேதான் நின்றன, சுமார் 1.79 லட்சம் வித்தியாசத்தில் தோற்றன. என் கணிப்பு: 2024-ல் சேர்ந்திருந்தால் இழுபறி ஆகியிருக்கும், அதற்கு மேல் சொல்ல மாட்டேன். திமுகவுக்கும் இது சாதாரண வெற்றி இல்லை. உதயசூரியன் சின்னம் இங்கே மக்களவைக்கு ஜெயித்து 28 வருஷம் ஆகியிருந்தது.

கே: கமல் ஏன் தோற்றார்?
– வாசகி, ராம்நகர்

ப: 1,728 ஓட்டில் தோற்றவரை மக்கள் நிராகரித்தார்கள் என்று சொல்ல முடியாது. கோவை தெற்கில் 2021-ல் மும்முனைப் போட்டி, மூன்றாவதாக வந்த காங்கிரஸுக்கும் 42 ஆயிரத்துக்கு மேல். அதிமுக கூட்டணியில் நின்று ஜெயித்த பாஜகவின் வானதி சீனிவாசனுக்கு இரட்டை இலை ஓட்டு வந்து சேர்ந்தது, கமலுக்கு அப்படி வந்து சேர யாரும் இல்லை.

கே: நான் இருப்பது மாநகராட்சிக்குள், ஆனால் எம்பி ஓட்டு பொள்ளாச்சிக்குப் போடுகிறேன். 'கோவை தீர்ப்பு' என்று சொல்லும்போது என்னைச் சேர்க்கிறார்களா?
– வாசகர், குறிச்சி

ப: சேர்ப்பதில்லை. குறிச்சி கிணத்துக்கடவு சட்டமன்றத் தொகுதியில் இருக்கிறது, அது பொள்ளாச்சிக்குள் போய்விட்டது. திருப்பூர் மாவட்டத்துப் பல்லடம் கோவை எம்பியைத் தேர்ந்தெடுக்கிறது. அடுத்த முறை யாராவது கோவை நகரவாசிகளின் மனநிலை என்று எம்பி தொகுதி முடிவை வைத்து ஆரம்பித்தால், பல்லடம் விசைத்தறிக்காரர்களைக் கழித்தீர்களா, குறிச்சியைச் சேர்த்தீர்களா என்று கேளுங்கள்.