இடித்த கான்கிரீட்டை மறுசுழற்சி செய்தால் கரியமில வாயு உமிழ்வு பெருமளவு குறையுமா?

நேரடியாகச் சொன்னால், குறைவது சொற்பமே. சிமென்டின் அடிப்படையான கிளிங்கருக்காகச் சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் ஏறத்தாழ 1450 பாகை செல்சியஸ் வரை சூடேற்றும்போது, அதிலுள்ள ஒவ்வொரு 100 கிலோ கால்சியம் கார்பனேட்டும் சிதைந்து 44 கிலோ கரியமில வாயுவை வெளிவிடுகிறது. எரிபொருளை மாற்றினாலும் இந்தப் பங்கு அப்படியே நிற்கும். நொறுக்கிய கான்கிரீட்டோ பெரும்பாலும் கருங்கல் ஜல்லிக்குத்தான் மாற்றாகிறது. ஜல்லியின் உமிழ்வு முன்பே மிகக் குறைவு. குன்றுகளைக் காக்கவும் இடிபாடுகள் நீர்நிலைகளில் கொட்டப்படுவதைத் தடுக்கவும் இந்த மறுசுழற்சி கட்டாயம் வேண்டும் என்றே நான் கருதுகிறேன். ஆனால் அதைக் காலநிலைச் சாதனையாகக் கணக்கில் காட்டக் கூடாது.

கட்டுமானத்தின் உமிழ்வை மதிப்பிடும் கணிப்பு மாதிரிகள் கட்டடங்களின் மொத்தப் பரப்பு, சராசரி ஆயுள், ஆண்டுதோறும் இடிபடும் அளவு ஆகியவற்றைக் கொண்டு பொருள் ஓட்டத்தை மதிப்பிட்டு, அதை ஒவ்வொரு பொருளின் உமிழ்வுக் காரணியால் (ஓர் அலகுப் பொருளுக்கு வெளியாகும் உமிழ்வின் அளவு) பெருக்குகின்றன. கட்டடப் பரப்பு மாறாத நாட்டில் ஆயுளை 50 ஆண்டிலிருந்து 80 ஆண்டாக நீட்டித்தால், மாற்றுக் கட்டுமானத் தேவை 37.5 விழுக்காடு குறையும். ஜல்லிக்கு மாற்றாகும் கான்கிரீட் மறுசுழற்சி இதற்கு ஈடாகாது.

இந்தியா போன்று புதுக் கட்டுமானம் பெருகும் நாட்டில் இடிபாடு தேவையை ஈடுசெய்யாது என்பதால், கிளிங்கரின் அளவைக் குறைப்பதே முதன்மை வழி. சென்னை ஐஐடியும் பங்கேற்று உருவாக்கிய எல்சி3 (சுண்ணாம்புக்கல்–சுட்ட களிமண் சிமென்ட்) வகையில் கிளிங்கர் பாதியளவே இருக்கும். சுட்ட களிமண் சுமார் 30 விழுக்காடும் சுண்ணாம்புக்கல் 15 விழுக்காடும் சேர்க்கப்படுகின்றன. களிமண்ணைச் சுட ஏறத்தாழ 800 பாகை செல்சியஸே போதும். களிமண்ணிலிருந்து வெளியேறுவதும் நீராவிதான்.