கொலாஜன்தானா, தன்னொளிர்வா: சமிக்ஞையை உறுதிசெய்வது எப்படி?

கேள்வி: சாயமேற்றாத கல்லீரல் திசுச் சீவல்களை 800 நானோமீட்டர் லேசரில் படமெடுக்கிறோம். 400 நானோமீட்டரில் கிடைக்கும் சமிக்ஞை கொலாஜன் என்னும் நார்ப் புரதத்திலிருந்துதான் வருகிறது, திசு சாயமின்றித் தானாகவே உமிழும் தன்னொளிர்விலிருந்து அல்ல என்று எப்படி உறுதிசெய்வது? சீவலைத் திருப்பினால் சில இழைகள் மங்கிவிடுவது ஏன்?

பதில்: லேசரின் திறனை இரட்டிப்பாக்கி, சமிக்ஞை நான்கு மடங்காகிறதா என்று பார்ப்பது பலரும் செய்யும் சோதனை. இதை மட்டும் நம்ப வேண்டாம். தன்னொளிர்வும், அதாவது இரு ஃபோட்டான்களை ஒருசேர உறிஞ்சித் திசு உமிழும் இரு ஃபோட்டான் ஒளிர்வும், அதே இருபடி விதிக்குத்தான் கட்டுப்படுகிறது. கொலாஜன் தரும் சமிக்ஞை இரண்டாம் சீரிசை எனப்படும்; அதில் இரு ஃபோட்டான்கள் ஆற்றல் இழப்பின்றி இணைந்து, மிகச் சரியாகப் பாதி அலைநீளமுள்ள ஒரே ஃபோட்டானாக வெளிப்படுகின்றன. ஒளிர்விலோ ஆற்றலில் ஒரு பகுதி திசுவிலேயே தங்கிவிடுவதால், வெளிவரும் ஒளி அதைவிட நீண்ட அலைநீளங்களில் அகலமாகப் பரவுகிறது. ஆகவே 400-ஐ மையமாகக் கொண்ட குறுகிய வடிகட்டியை மாற்றாமல் லேசரை மட்டும் 760-க்கு நகர்த்துங்கள். சீரிசைச் சமிக்ஞை 380-க்குச் சென்றுவிடுவதால் இழைகள் மறைய வேண்டும். அப்போதும் எஞ்சியிருப்பது பெரும்பாலும் தன்னொளிர்வே.

இச்சோதனையில் தேறியது சீரிசை என்பது உறுதி. ஆனால் கொலாஜன் என்பது தனி முடிவு. மையச் சமச்சீரற்ற (மையத்தின் எதிரெதிர்ப் பக்கங்கள் ஒத்திராத), ஒழுங்காக அடுக்கப்பட்ட அமைப்புகள் மட்டுமே இச்சமிக்ஞையைத் தருகின்றன என்பதால், தசையிலுள்ள மயோசின் புரதமும் இதைத் தரும். கல்லீரலில் இழை வடிவக் கொலாஜனே, அதாவது முதன்மையாக முதல் வகையே, பெரும்பங்கு தருகிறது. அடித்தளச் சவ்வில் வலையாக அமைந்த நான்காம் வகை ஏறக்குறைய தெரிவதே இல்லை.

திருப்பும்போது மங்குவது உங்கள் கருவியின் குறையன்று. இழையின் அச்சும் லேசரின் தளவிளைவுத் திசையும் (ஒளியின் மின்புலம் அதிரும் திசையும்) இணையும்போது சமிக்ஞை வலுக்கிறது, செங்குத்தாகும்போது குறைகிறது. பொருளருகு லென்சுக்கு முன் கால் அலைத் தட்டு வைத்து அத்திசையைச் சுழலச் செய்து, இந்த வட்டத் தளவிளைவு திசு இருக்கும் இடத்திலும் நிலைப்பதைச் சரிபார்த்தால், படத்தளத்தில் கிடக்கும் இழைகள் யாவும் ஏறத்தாழச் சமமாகத் தெரியும். ஒளிக்கற்றையின் போக்கிலேயே நிற்கும் இழைகள் அப்போதும் மங்கலாகவே இருக்கும். மருத்துவ முடிவுக்கு இது முக்கியம், ஏனெனில் இருண்ட இடத்தைக் கொலாஜன் அற்ற இடமென்று எழுதிவிடக் கூடாது.

மெல்லிய சீவலாகையால், முன்னோக்கிச் செல்லும் ஒளியைக் கீழிருந்தும் சேகரியுங்கள். வலுவான பகுதி அங்கேதான் செல்கிறது. பிரகாசத்தை நேரடியாகக் கொலாஜன் அளவாக மாற்றவும் வேண்டாம்: இழைகளின் அடர்த்தியோடு அவற்றின் ஒழுங்கும் அதைத் தீர்மானிக்கிறது. நார்ப்பெருக்கத்தை (கல்லீரலில் கொலாஜன் மிகுவதை) ஒப்பிட, ஒரே அமைப்பில் எடுத்த படங்களில் இழைகள் நிரப்பும் பரப்பின் விழுக்காட்டைக் கணக்கிடுவதே நம்பகமானது.