அமெரிக்கக் கல்லூரிகளில் அத்லெடிக் டைரக்டர் (விளையாட்டுத் துறைத் தலைவர்) ஆக, தலைமைப் பயிற்சியாளராக இருந்திருக்க வேண்டுமா?

கட்டாயமில்லை. ஜீன் ஸ்மித்தைப் பாருங்கள். நோட்ர டேம் பல்கலைக்கழகத்தில் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடினார், 1973-இல் தேசிய சாம்பியன் அணியில் இருந்தார். அங்கேயே கொஞ்ச காலம் உதவிப் பயிற்சியாளர்; அப்புறம் ஐபிஎம்மில் வேலை. பிறகுதான் பல்கலைக்கழக விளையாட்டு நிர்வாகம்: ஈஸ்டர்ன் மிச்சிகன், அயோவா ஸ்டேட், அரிசோனா ஸ்டேட், கடைசியாக 2005 முதல் 2024 வரை ஒஹாயோ ஸ்டேட். சின்ன விளையாட்டுத் துறை உள்ள பல்கலைக்கழகத்தில் தொடங்கிப் பெரிய இடத்துக்கு ஊர் மாறிப் போவதுதான் இதில் பதவி உயர்வு.

என்னைக் கேட்டால், அந்த ஐபிஎம் அனுபவம்தான் அதிகம் உதவியிருக்கும். ஏனென்றால் வேலையே பணம் பற்றியது. பெரிய பல்கலைக்கழகங்களில் ஃபுட்பால் வருமானத்தில்தான் நீச்சலும் மல்யுத்தமும் பிழைக்கின்றன. நன்கொடையாளர்களைப் பிடிக்க வேண்டும், தோற்கும் பயிற்சியாளரை நீக்க வேண்டும். போதாததற்கு, 2025 முதல் கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம்.