டயர் ஒரு ஓரம் மட்டும் தேய்வது ஏன்? வீல் அலைன்மென்ட் அதை எப்படித் தடுக்கிறது?

காரின் சக்கரங்கள் எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்று தயாரிப்பு நிறுவனம் ஒரு அளவு வைத்திருக்கும். பள்ளத்தில் இறங்கி ஏறும்போதும் பாகங்கள் தேயும்போதும் சக்கரத்தின் கோணம் மாறிவிடும். திரும்ப அந்த அளவுக்குக் கொண்டுவருவதுதான் வீல் அலைன்மென்ட்.

டயரை அதிகம் தின்பது ‘டோ’ என்ற கோணம். மேலிருந்து பார்த்தால் முன்சக்கரங்கள் இரண்டும் ஏறக்குறைய நேராக இருக்க வேண்டும். முன்பக்கம் உள்நோக்கி அதிகம் திரும்பியிருந்தால் டயரின் வெளி ஓரம் தேயும். வெளிநோக்கித் திரும்பியிருந்தால் உள் ஓரம். கார் நேராகப் போகிறது, சக்கரமோ வேறு பக்கம் பார்க்கிறது. அதனால் டயர் உருள்வதோடு பக்கவாட்டிலும் இழுபடுகிறது. காலை இழுத்து இழுத்து நடப்பவரின் செருப்பு சீக்கிரம் தேய்கிறதல்லவா, அதே கதைதான்.

ஸ்டீயரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பிதான் டை ராட்; அதைத் திருகி டோவைச் சரிசெய்வார்கள். இன்னொரு கோணம் ‘கேம்பர்’: முன்னிருந்து பார்த்தால் சக்கரத்தின் மேல்பகுதி உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருப்பது. பல சிறிய கார்களில் அதைத் தனியாகத் திருக வசதி கிடையாது.

ஒன்றை மட்டும் விடாதீர்கள்: முதலில் காற்றழுத்தம், அப்புறம் பால் ஜாயின்ட் (சக்கரம் திரும்பவும் அசையவும் விடும் மூட்டு), டை ராட் எண்ட் (டை ராடின் முனையிலுள்ள மூட்டு) ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆடுகிற பாகத்தை மாற்றாமல் அலைன்மென்ட் செய்தால் அளவு நிற்கவே நிற்காது, கொடுத்த காசு வீண். சரிசெய்வதற்கு முன்பும் பின்பும் எடுத்த அளவுகளின் பிரின்ட்டையும் கேட்டு வாங்குங்கள்.

வேகமெடுக்கும்போது ஸ்டீயரிங் அதிர்ந்தால் அலைன்மென்ட் போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள்; அது பெரும்பாலும் வீல் பேலன்சிங் கோளாறு, அதாவது சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இல்லாதது; இரண்டும் வேறு வேறு வேலைகள்.